மூன்று வருஷத் தெமாந்த்

“இந்தக் கைப்பொட்டிக்கெல்லாம் இனிமே தெமாந்த் எப்படி இருக்கும்?” என்று முசியே அந்தோணி கேட்டபோது, ஆரோனின் வாயில் அவர் வீட்டுக் கேக் ஒரு துண்டு முழுசாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் முடியவில்லை. கேள்வி அப்படி.

ஆரோனுக்கு வயது முப்பத்து நாலு. முசியே வீட்டின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தான். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலிருந்து இரண்டு வீதி தள்ளி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. கையில் பிடித்து விளையாடும் கேம் கன்சோல்கள் மட்டும்தான் விற்பான். போன் விற்கமாட்டான். போனுக்குக் கவர், சார்ஜர், ஒட்டுக் கண்ணாடி எதுவும் கிடையாது. விளையாட மட்டுமே ஆகும், வேறு எதற்கும் உதவாது, அதுதான் அந்தக் கருவியின் பெருமை என்று சொல்வான். அந்தப் பெருமையைக் கேட்க வாரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்துத் தெருவுக்கு வழி கேட்க வருபவர்.

முசியே அந்தோணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் இவர்களைச் சொல்தா என்பார்கள், கூப்பிடும்போது மரியாதைக்கு முசியே. எழுபத்தெட்டு வயதிலும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நிமிர்ந்து உட்காருவார். டிமாண்ட் என்ற சொல்லை மூக்கு வழியாக ‘தெமாந்த்’ என்று சொல்வார். சொல்கிற அழகில், கேட்பவனுக்கு ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கும்.

“முப்பதாந்தேதியோட உன் மூணு வருஷம் முடியுது. இன்னொரு மூணு வருஷத்துக்குப் பத்திரம் போடணும்னா எனக்கு அது தெரியணும். மறைக்காம சொல்லு. இந்தக் காலத்துல எல்லாரும் போன்லதானே ஆடுறாங்க?”

ஆரோன் கேக்கை விழுங்கினான். அது பாதி வழியில் நின்றது.

“அமோகமா இருக்கும், முசியே. இனிமேதான் ஆரம்பமே.”

முசியேயின் முகம் கரண்ட் போன தெரு மாதிரி ஆனது.

“அமோகமாவா?”

“அமோகமா.”

“நெஜமாவே?”

“சத்தியமா, முசியே.”

“அலோர், சரி, பாப்போம்” என்றார் முசியே. பாக்கி இருந்த கேக்கோடு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படியிறங்கும்போதே ஆரோனுக்குத் தெரிந்துவிட்டது. ஆள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

எதிர்க்கடை ஸாகிப்புடையது. போன் கவர் வியாபாரம். அதாவது, நியாயமாகப் பார்த்தால் ஆரோனின் பரம எதிரி. ஆனால் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு என்பதால், எதிரியாவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

“நீ பொய் சொன்னா காது செவக்கும், மச்சான்” என்றான் ஸாகிப். “இப்பக்கூட பாரு, தக்காளி மாதிரி இருக்கு.”

“இப்ப நான் எதுவும் சொல்லலையேடா.”

“சொன்னது இன்னும் ஆறல. அது கெடக்கட்டும், விஷயம் தெரியுமா? பீட்சா கடைக்காரன் ஒருத்தன் உன் எடத்தைக் கேட்டு மேல போயிட்டு வந்தான்.”

ஆரோன் ஸாகிப்பின் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூலில் ஏற்கெனவே இருபது போன் கவர்கள் இருந்தன. அவற்றின் மேலேயே உட்கார்ந்தான்.

“உனக்கு முன்னாடி இங்க ஜூஸ் கடை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரோடு வரைக்கும் கூட்டம் நிக்கும். போலீசு வந்து ஒதுக்கி வுடுவாங்க. அவனையே காலி பண்ணச் சொன்னாரு முசியே.”

“கூட்டம் வந்தவனுக்கே அந்த கதியா?”

“அதான் சொல்றேன். அந்த மனுஷனோட எதிர்பார்ப்பே வேற.”

கடை போனால் என்ன ஆகும் என்பது ஆரோனுக்கு நன்றாகத் தெரியும். அவன் மாமியார் ஸ்டெல்லாமேரிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு பேக்கரி இருந்தது. ஆரோன் பேக்டரி வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்த அன்றே அவர், “மூணு வருஷம் ஆடட்டும்” என்று சொல்லி, ரொட்டி வண்டி ஓட்டுகிற வேலையை அவனுக்காக ஒதுக்கி வைத்துவிட்டார். அதற்கு வேறு ஆளே போடவில்லை. வண்டி மூன்று வருஷமாக நிற்கிறது. வாரம் ஒருமுறை போன் வரும்.

“மாப்ள, நல்லா இருக்கீங்களா? டயருக்குக் காத்து அடிச்சு வச்சிருக்கேன்.” அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

ஆரோனின் மனைவி மெரின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் பதறாதவள். அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவளே சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“கடை போனாகூடப் பரவால்ல. எங்கம்மாகிட்ட மட்டும் வேலைக்குப் போயிடாதீங்க.”

“ஏன்?”

“அப்புறம் எனக்கு மாதிரியே உங்களுக்கும் எங்கம்மாதான் மொதலாளி ஆயிடுவாங்க. சண்டை வந்தா நான் யாருகிட்ட போயி சொல்றது?”

நியாயமான கவலை. ஆரோன் அன்றிலிருந்து தூக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்க ஆரம்பித்தான்.

முதல் யோசனை ஸாகிப்புடையது. “பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் வாயால சொல்லமாட்டான். கோடு போட்டுக் காட்டுவான்.”

அப்படியே கோடு போட்டார்கள். கீழே வருஷங்கள், பக்கவாட்டில் கன்சோல் வாங்கப்போகிறவர்கள். இதுவரையிலான வருஷங்களுக்குக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அடுத்த வருஷத்தில் எழுந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் அதைப் பிடிக்க முடியவில்லை. தாளின் விளிம்பைத் தொட்டுவிட்டதால் மேலே இன்னொரு தாளை ஒட்டினார்கள். அதுவும் போதாமல் மூன்றாவது தாள். கடைசியில் அதைச் சுருட்டி, கல்யாணப் பத்திரிகை கொண்டுபோகிற மாதிரி மாடிக்கு எடுத்துப்போனார்கள்.

முசியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். படுத்திருந்த கோட்டின் மேல் விரலை வைத்து, நாய்க்குட்டியைத் தடவுவதுபோல மெல்லத் தடவினார்.

“இது வரைக்கும் சரி. இங்கேருந்து ஏறுதே, இதுதான் எனக்கு பயமா இருக்கு.”

“எங்களுக்கே மொதல்ல நம்ப முடியல, முசியே” என்றான் ஸாகிப்.

“யாரு போட்ட கணக்கு?”

“வெளிநாட்டுக் கம்பெனி.”

“தப்பாகூட இருக்கலாம், இல்லையா?”

“தப்பே இல்ல” என்றான் ஆரோன். “உண்மையில கொறைச்சுத்தான் போட்டிருக்காங்க.”

முசியே பூதக்கண்ணாடியை மேசை மேல் வைத்தார்.

“கோட்டை எல்லாம் நான் நம்புறதில்ல. கண்ணால பாத்தாதான் நம்புவேன்.”

படியில் இறங்கும்போது ஸாகிப் சொன்னான்: “கேட்ட இல்ல? கண்ணால பாக்கணுமாம். கூட்டம் காட்டு.”

கூட்டம் காட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. முசியே காலையில் பூசைக்குப் போவார். அப்படியே மார்க்கெட்டில் மீன் பார்த்து, மீன்காரியோடு இரண்டு வார்த்தை பேசி, மீன் வாங்காமல் திரும்புவார். சாயங்காலம் கடற்கரையில் நடப்பார், நடந்து முடித்ததும் பழைய பட்டாளத்துக்காரர்களோடு சீட்டாடுவார். அவர் வீட்டில் இருப்பது மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரைதான். அந்த நேரத்தில் புதுச்சேரியில் பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிடும். ஆரோனும் மூன்று வருஷமாக அதே நேரத்துக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டுதான் இருந்தான்.

“அப்ப இனிமே நீ மத்தியானம்தான் தொறக்கணும்” என்றான் ஸாகிப். “அவரு இருக்கறப்ப கூட்டம் இல்லன்னா, அது கூட்டமே இல்ல.”

திங்கட்கிழமை ஒன்றேகாலுக்கு ஸாகிப்பின் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். தலைமை, ஸாகிப்புக்குச் சித்தி முறையான சாச்சி பதுருன்னிசா. ஐம்பத்தைந்து வயது. துணிக்கடைகளில் அவர் நுழைந்தால் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார் என்று சொல்வார்கள்.

“சாச்சி, மாடிக்குக் கேக்கற மாதிரி பேசணும்” என்று ஸாகிப் சொல்லிக்கொடுத்தான். “வாங்கப் போறவங்க மாதிரி.”

“எனக்குப் பேசச் சொல்லித் தர்றியாடா நீ?”

சாச்சி ஒரு கன்சோலைக் கையில் எடுத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அதன் விலை அநியாயம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. “இந்தத் தம்மாத்தூண்டு பொட்டிக்கா இந்த வெலை?” என்று ஆரம்பித்தார். அந்தக் குரல் உத்தரம் வரைக்கும் போய், ஓட்டை வழியாக மாடிக்கு ஏறி, அங்கிருந்து எதிர்வீட்டுக் காக்கையைக் கிளப்பியது. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் நாலு கேட்டார். இன்னொருவர், “எனக்கு ஆறு எடுத்து வையி, ஊருக்கு அனுப்பணும்” என்றார்.

அரை மணி நேரத்தில் முசியே வீட்டு வேலை பார்க்கிற அஞ்சலாட்சி கீழே வந்தாள்.

“தம்பி, முசியே கேக்கறாரு. இது இன்னிக்கு மட்டுமா?”

“தினமும்தான்னு சொல்லுங்க, அக்கா. இனிமே இன்னும் ஜாஸ்தியாகும்.”

அஞ்சலாட்சி அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். “முசியே கேக்கறாரு. இவங்கல்லாம் வாங்கறாங்களா, சும்மா பாத்துட்டுப் போறாங்களா?”

ஆரோன் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். துருவுகிறார். “வாங்கறாங்கக்கா. வாங்கினவங்க திரும்பவும் வருவாங்க. நாலு பேரைக் கூட்டிட்டு வருவாங்க.”

“அப்படியே சொல்லட்டா?”

“அப்படியே சொல்லுங்க.”

புதன்கிழமை மத்தியானம் முசியே தானே இறங்கி வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் தப்பிப் போட்டிருந்தார். மூன்று வருஷத்தில் ஆரோன் அப்படிப் பார்த்ததில்லை. கடைக்குள் இருந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சாச்சியை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு மேலே போய்விட்டார். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன.

“கோவமாடா?” என்றான் ஆரோன்.

“அழுதிருக்காரு. சந்தோஷத்துல” என்றான் ஸாகிப். “வயசானவங்களுக்கு அப்படித்தான் வரும்.”

“முப்பதாந்தேதிக்கு இன்னும் பத்து நாள்தான்டா இருக்கு.”

“பத்து நாள் இன்னும் அழ வைப்போம்.”

இதற்கிடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. பதுருன்னிசா சாச்சி தன் வீட்டுக்குப் போக மறுத்தார்.

பேரம் பேசிக்கொண்டே எந்தப் பொத்தானையோ அழுத்தியிருக்கிறார். உள்ளே ஒரு குட்டி மனுஷன் ஓட ஆரம்பித்திருக்கிறான். அவன் பள்ளத்தில் விழுந்துவிட்டான். சாச்சிக்கு மனசு கேட்கவில்லை. அவனைக் கரை சேர்க்காமல் எப்படிப் போவது என்று மூன்று நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடு வீட்டிலிருந்து தூக்கில் வந்தது.

“என்ன அருமை தெரியுமா இதுல?” என்று வந்தவரிடமெல்லாம் சொன்னார். “மூணு மருமவ எனக்கு. போனைக் கையில எடுத்தா ஒருத்தி மாத்தி ஒருத்தி கூப்புடுவா. இதுல யாரும் கூப்புட முடியாது. அல்லா மேல ஆணையா, முப்பது வருஷத்துல இப்பதான் நான் ஒக்காந்திருக்கேன்.”

அந்த வார்த்தை மார்க்கெட்டுக்குள் போனது. வெற்றிலைக்கடையில் நின்றது. அங்கிருந்து பஸ் ஏறி வில்லியனூர் வரை போய்வந்தது. வியாழக்கிழமை மத்தியானம், யாரும் ஏற்பாடு செய்யாத ஒரு மனிதர் கடைக்குள் நுழைந்தார். கிருஷ்ணசாமி என்று பெயர். பேங்கில் அதிகாரி.

“தம்பி, இதுல கால் வருமா?”

“வராது சார்.”

“மெசேஜ்?”

“வராது சார்.”

“நான் எங்க இருக்கேன்னு வீட்லேருந்து பாக்க முடியுமா?”

“முடியாது சார். அந்த வசதியெல்லாம் இதுல கெடையாது.”

கிருஷ்ணசாமி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

“ரெண்டு குடுங்க. ஒண்ணு ரிப்பேர் ஆயிட்டா நான் எங்க போவேன்?”

அவருக்குப் பின்னால் அவர் பேங்கே வந்தது. அடுத்து, ராத்திரி ஷிப்ட் நர்ஸ்கள் வந்தார்கள், மெரின் சொல்லி அனுப்பியவர்கள் இல்லை, தானாக வந்தவர்கள். பிள்ளை கையில் தன் போனைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவித்த தாய்மார்கள் வந்தார்கள். எல்லாம் செய்கிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு களைத்துப்போனவர்கள் ஊரில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஸாகிப்பின் கடைக்குக் கவர் வாங்க வந்தவர்கள்கூட, பாதி வழியில் வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள்.

“மச்சான், நம்ம போட்ட கோடு உண்மையாயிடுச்சுடா” என்றான் ஸாகிப். குரலில் கொஞ்சம் பயமும் இருந்தது.

ஆரோன் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அவனுக்கு அதற்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால் அலமாரி காலி. காட்சிக்கு வைத்திருந்த நாலு கன்சோல்களைத் தவிர ஒன்றும் இல்லை. புதுச் சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

“முசியே இப்ப எறங்கி வந்தா என்னடா நெனப்பாரு? கடையை மூடப் போறான்னுதானே நெனப்பாரு?”

“காலி டப்பாவை அடுக்கு.”

“டப்பாவையும் வாங்கிட்டுப் போயிட்டாங்கடா.”

நகத்தைக் கடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். கடிப்பதற்கு நகம் தீர்ந்துபோனதும் யோசனை வந்தது. சரக்கு இல்லாவிட்டால் என்ன, ஆள் இருக்கிறார்களே. நாலு கன்சோல் போதும், ஒரு போட்டி வைக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. வந்தவர்களிடம் முன்பதிவு வாங்கலாம். மூன்று வருஷத்துக்கு யார் யார் வாங்கப்போகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதி முசியே கையில் கொடுத்துவிட்டால், அதற்குமேல் அவர் எந்தத் தெமாந்தைக் கேட்பார்?

“மைக்கு நான் பாத்துக்கறேன்” என்றான் ஸாகிப்.

மைக் மட்டும் வரவில்லை. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற ஸ்பீக்கர் இரண்டு, ஆள் உயரத்தில் வந்தன. அவற்றை வைக்க கடைக்குள் இடமில்லாததால் வாசலில், மாடியைப் பார்த்து நிறுத்தினார்கள். அப்போதுதான் முசியேவுக்கும் நன்றாகக் கேட்கும் என்பது ஆரோனின் ஏற்பாடு.

இரண்டு மணிக்கு வீதி நிரம்பிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் அறுபத்து மூன்று பேர். ஒருவர் மூச்சை விட்டால்தான் பக்கத்தில் இருப்பவர் இழுக்கலாம் என்ற நிலைமை. கல்லூரிப் பிள்ளைகள், பேங்க்காரர்கள், மீன் கூடையோடு இரண்டு பெண்கள். வீதியின் இரண்டு முனையிலும் சுண்டல் வண்டி. மூன்று மணிக்கெல்லாம் பதுருன்னிசா சாச்சி கால் இறுதிக்கு வந்துவிட்டார்.

ஆரோன் மாடிக்குப் போய் முசியேவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தான். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. வாசலில் சிவப்பு நாற்காலி போட்டு, சிறப்பு விருந்தினராக ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சந்தன மாலை ஒன்றும் போட்டார்கள்.

முசியே கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. கூட்டம் கத்தும்போது நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.

“தலையாட்டி ரசிக்கறாரு பாரு” என்றான் ஸாகிப். “கச்சேரி கேக்கற மாதிரி.”

ஆரோன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகப் பாதி வழியில் நின்ற கேக் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

நாலு மணிக்கு ஸாகிப் மைக்கைப் பிடித்தான். “நம்ம முசியே ரெண்டு வார்த்தை பேசுவாரு.”

மைக்கை அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனதும் முசியே திடுக்கிட்டுக் கண் விழித்தார். எழுந்து நின்றார். பட்டாளத்துக்காரர், கால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. கூட்டத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“மெர்சி” என்று நன்றி சொன்னார். வீதி முழுக்க ‘மெர்சி’ அதிர்ந்தது. “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது. ஆரோன் நெஞ்சு நிறைந்துபோய் மைக்கை வாங்கினான்.

“முசியே ஆசைப்படறாரு. அவருக்காக இன்னும் மூணு ரவுண்டு.”

முசியே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது என்று சொல்வது சரி.

ஆறரைக்குப் போட்டி முடிந்தபோது நோட்டில் நூற்றுப் பதினாலு பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். கோப்பை பதுருன்னிசா சாச்சிக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆரோன் நோட்டை எடுத்தான். மெரின் வாசல் வரை வந்தாள்.

“அம்மா காலையிலேயே போன் பண்ணாங்க.”

“என்னவாம்?”

“வண்டியில மாதா படம் ஒட்டிட்டாங்களாம்.”

ஆரோன் தன் பைக்கை எடுத்தான். இன்றோடு அந்தப் பேச்சு தீரப்போகிறது.

கடை வாசலில் நேற்றைய சுண்டல் காகிதங்கள் கிடந்தன. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தான். நூற்றுப் பதினாலு பெயரையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினான். எழுபதாவது பெயரில் மேல்படி வந்துவிட்டது.

அங்கே அஞ்சலாட்சி துடைப்பத்தோடு நின்றாள். கதவு சாத்தியிருந்தது.

“முசியேவைப் பாக்கணும்க்கா. பத்திர விஷயம்.”

“முசியே இன்னிக்கு பூசைக்கே எழுந்திருக்கல. பத்திரம் நேத்து ராத்திரியே எழுதிட்டாரு, தம்பி.”

“எழுதிட்டாரா? என் கையெழுத்து வேணாமா?”

“உனுக்கு எழுதல. வேற ஆளுக்கு. முப்பதாந்தேதி சாவியைக் குடுத்துடச் சொன்னாரு.”

ஆரோன் நோட்டைத் திறந்து நீட்டினான்.

“அக்கா, இதைப் பாருங்க. நூத்திப் பதினாலு பேரு. எல்லாம் நெஜமான ஆளுங்க. போன் நம்பரோட இருக்கு. நேத்து அவரே நேர்ல பாத்தாரே. இதுக்கும் மேல அந்தப் பீட்சாக்காரனுக்கு என்ன தெமாந்த் வந்துடப் போவுது?”

“பீட்சாவா? அவனைப் படியிலேயே நிக்க வச்சு அனுப்பிட்டாரு. இது வேற யாரோ பெரியவரு. ஜோல்னாப் பை மாட்டிக்கினு வந்தாரு. கவிதைப் பொஸ்தகம் மட்டும் வச்சு விக்கப் போறாராம்.”

“கவிதைப் புத்தகமா? அதை யாருக்கா காசு குடுத்து வாங்குவா?”

அஞ்சலாட்சி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து சீரான குறட்டைச் சத்தம் கேட்டது. துடைப்பத்தை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அதான தம்பி வேணும். பட்டாளத்துக்காரரு, மத்தியானத் தூக்கம் கெடுதுன்னு வாய்வுட்டு சொல்லமாட்டாரு. மூணு வருஷத்துக்கு முன்னாடி பதினோரு பேரு எடம் கேட்டு வந்தப்பகூட, இவன் கடைக்கு ஒரு ஈ காக்கா வராதுன்னு பாத்துப் பாத்துத்தான உனுக்கு வுட்டாரு.”